குடித்துச் செத்தார்கள் என்னும் வாக்கியம்

ஒரு வாக்கியத்தை மறுப்பதற்காக இக்கட்டுரையை எழுதுகிறோம். ‘குடித்துச் செத்தார்கள்’ என்பதே அந்த வாக்கியம்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது இவ்வாக்கியம் எழுதப்பட்டது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது அதே வாக்கியம் எழுத்து மாறாமல் மறுபடியும் எழுதப்பட்டது. தேநீர்க் கடையில் சொல்லப்படுவதைப் பற்றி எங்களுக்கு வழக்கு இல்லை. அங்கே எல்லாமே சுருக்கமாகத்தான் பேசப்படும். ஆனால் சொல்லை எடைபோட்டு எழுதுவதாகச் சொல்லிக்கொள்ளும் நம்முடைய சிற்றேடுகளிலும் இணையப் பக்கங்களிலும் அது தலையங்கமாகவும் கவிதையாகவும் இரங்கற் குறிப்பாகவும் வந்தது. பரிவு காட்டியவர்களும் ‘குடித்துச் செத்த ஏழைகள்’ என்றே எழுதினார்கள். ஏளனம் செய்தவர்களும் அதையே எழுதினார்கள். இரு தரப்புக்கும் வாக்கியத்தின் மீது ஐயம் எழவில்லை. எங்கள் பக்கத்திலும் 2023இல் வந்த அஞ்சலிக் குறிப்பொன்றில் இத்தொடர் இடம்பெற்றது. வெளியிட்டவர்கள் நாங்களே என்பதால் இந்த மறுப்பு எங்களுக்கும் சேர்த்துத்தான்.

இவ்வாக்கியம் இரக்கமற்றது என்று மட்டும் சொல்வதற்கு இத்தனை பத்திகள் வேண்டியதில்லை. இரக்கமற்றதாயினும் உண்மையாக இருக்கும் வாக்கியங்கள் உண்டு. இது உண்மையே அல்ல என்பது எங்கள் வாதம். கருணாபுரத்து மனிதர்களின் உடலுக்குள் அந்த இரவிலும் மறுநாளிலும் நடந்ததை வரிசையாகப் படித்துப் பார்த்தால், ‘குடித்து’ என்ற வினையெச்சத்துக்கும் ‘செத்தார்கள்’ என்ற வினைமுற்றுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு முழு நாள் கிடப்பது தெரியும். அந்த ஒரு நாளில் செய்திருக்கக்கூடியவை, செய்யாமல் விட்டவை அத்தனையையும் இவ்வாக்கியம் விழுங்கிவிடுகிறது.

*

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். ‘கள்ளச்சாராயம்’ என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி ஒன்று உண்டு. மலையடிவாரம், பானை, வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறல், அடியில் எரியும் விறகு. கல்வராயன் மலையை ஒட்டிய ஊர்களுக்கு அது பழைய கதைதான். ஆனால் வெல்லத்தையும் பட்டையையும் புளிக்கவைத்து வடித்தால் கிடைப்பது எத்தனால். பழச் சதையிலுள்ள பெக்டின் போன்றவற்றிலிருந்து மிகச் சிறிதளவு மெத்தனாலும் பிறக்கும். ஒரு தெருவையே சாய்க்கும் அளவுக்குப் பிறக்காது. ‘பக்குவம் தெரியாமல் காய்ச்சியதால் விஷமாகிவிட்டது’ என்று எழுதியவர்கள் காய்ச்சுகிறவனின் கைத்திறனை ஆராயப் போய்விட்டார்கள். மக்கள் கூட்டங்கூட்டமாக இறக்கும் நிகழ்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது வேறு. ஆலைப் பயன்பாட்டுக்கென்று வாங்கப்பட்ட மெத்தனால் கணக்கிலிருந்து கசிந்து, தண்ணீர் சேர்க்கப்பட்டு, பாக்கெட்டில் அடைபட்டுத் தெருவுக்கு வருகிறது. 2023இல் மாதிரிகளை ஆய்வு செய்த பின்னர் அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநரே சொன்னதும் இதுதான். எக்கியார்குப்பத்தில் விற்கப்பட்டது காய்ச்சிய சாராயமல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால்.

மெத்தனால் பானையில் பிறப்பதில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பெரிய ஆலைகளில் செய்யப்படுவது அது. இந்தியா தன் தேவையின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. கப்பல், துறைமுகத் தொட்டி, டேங்கர் லாரி, கிடங்கு, உரிமம், இருப்புப் பதிவேடு என்று ஒவ்வொரு படியிலும் காகிதம் உள்ள சரக்கு அது. வண்ணப்பூச்சுக்கும், ஒட்டுப்பலகைப் பசைக்கும், மருந்துத் தயாரிப்புக்கும் வேண்டியது. தமிழ்நாட்டில் இயல்பு நீக்கிய சாராயம், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்கென 1959ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் இயற்றப்பட்டுவிட்டன. அதாவது, சட்டத்துக்கு இந்த நஞ்சின் பெயர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரியும். எழுத்தாளர்களாகிய நமக்குத்தான் அது இன்னமும் ‘சாராயம்’.

பெயரிலேயே ஒரு வஞ்சகம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மரத்தைக் காற்றின்றிச் சூடாக்கிப் பெற்ற திரவம் என்பதால் முன்னாளில் இது மரச்சாராயம் எனப்பட்டது. 1834இல் டூமா, பெலிகோ என்னும் பிரெஞ்சு வேதியியலர் இருவர் கிரேக்கத்தில் மதுவையும் மரத்தையும் குறிக்கும் இரு சொற்களைச் சேர்த்து ‘மெத்திலீன்’ என்ற பெயரை ஆக்கினர். மெத்தில், மெத்தனால் எல்லாம் அவ்வழி வந்தவை. பெயரின் முதல் அசையிலேயே மது இருக்கிறது. நிறமும் எத்தனாலைப் போலத்தான், மணமும் ஏறக்குறைய அப்படியே. நாவால் பிரித்தறிய முடியாது. ‘தெரிந்துதானே குடித்தான்’ என்று கேட்பவர்கள், எதைத் தெரிந்து என்று சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கில் பாக்கெட் விற்ற ஒரு தெருவில் இன்றைய பாக்கெட்டில் மூலக்கூறு மாறியிருப்பதைத் தெரிந்துகொள்ள அவனிடம் இருந்த கருவி எது?

*

இனி உடலுக்குள் நடப்பது. இலக்கியப் பக்கத்தில் வேதியியல் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் தாண்டிச் செல்பவர்கள் அடுத்த முறை இவ்விறப்புகளைப் பற்றித் தலையங்கம் எழுதாதிருக்க வேண்டும்.

எத்தனாலில் கார்பன் அணு இரண்டு, மெத்தனாலில் ஒன்று. இவ்வளவுதான் வேறுபாடு. குடித்த எத்தனாலைக் கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை அசிட்டிக் அமிலமாக்குகிறது. அது நம் சமையலறை வினிகரில் உள்ள அமிலம். உடல் அதை எரித்துச் சக்தியாக்கிக்கொள்ளும். எத்தனால் அப்பாவி என்று இதற்குப் பொருளில்லை. அது ஆண்டுக்கணக்கில் கல்லீரலைக் கெடுப்பதை நாம் எல்லாரும் உறவினர் ஒருவரிடமாவது பார்த்திருக்கிறோம். ஆனால் அது வேறு நோய், வேறு வேகம், வேறு சாவு.

மெத்தனாலும் அதே கல்லீரலுக்கு, அதே நொதியிடம் போய்ச் சேருகிறது. நொதிக்குக் கார்பனை எண்ணத் தெரியாது. அதே வேலையைச் செய்கிறது. விளைவு, அசிட்டால்டிஹைடுக்குப் பதிலாக ஃபார்மால்டிஹைடு. கல்லூரி விலங்கியல் கூடத்தில் தவளையையும் பாம்பையும் புட்டிக்குள் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலின் இதன் கரைசல்தான். உடலில் அது நிலைப்பதில்லை. ஓரிரு நிமிடங்களில் ஃபார்மிக் அமிலமாகிவிடுகிறது. எறும்பு என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1671இல் ஜான் ரே என்னும் ஆங்கிலேய இயற்கையியலர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இதைப் பற்றி எழுதினார். நம் பள்ளிப் பாடத்திலும் எறும்புக் கடியின் எரிச்சலுக்குக் காரணமாக இதையே படித்தோம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெத்தனால் தன்னளவில் பெரிய நஞ்சு அல்ல. எத்தனாலைவிடக் குறைவாகவே போதை தரும். அதை மாற்றாமல் விட்டால் சிறுநீரிலும் மூச்சுக் காற்றிலும் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். நஞ்சாக்குவது உடலே. வந்த பொருளைச் செரித்து அப்புறப்படுத்தும் நல்லெண்ணத்தில் கல்லீரல் செய்யும் வேலைதான் அதை நஞ்சாக்குகிறது. ‘விஷத்தைக் குடித்தான்’ என்பதுகூட முழு உண்மையல்ல. அவன் குடித்தது, விஷமாவதற்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஒரு பொருள்.

ஃபார்மிக் அமிலத்தைக் கழிக்கவும் உடலுக்கு வழி உண்டு. ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தின் துணையோடு அதைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றலாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள சத்துத்தான் அது. எலியின் கல்லீரலில் அதன் கையிருப்பு அதிகம். அதனால் மெத்தனால் கொடுத்த எலிக்கு மனிதனுக்கு நேர்வது போன்ற அமிலத் தேக்கம் நேர்வதில்லை. மனிதனுக்கும் குரங்குக்கும் கையிருப்பு குறைவு. ஃபோலேட் இல்லாத தீவனம் கொடுத்து வளர்த்தபோது எலியிடமும் ஃபார்மேட் தேங்கியதை ஆய்வாளர்கள் 1970களிலேயே காட்டினர். நாள் தவறாமல் குடிப்பவருக்கும் சரியாகச் சாப்பிடாதவருக்கும் இந்தச் சத்து குறைவாகவே இருக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்தது. மூட்டை தூக்கிவிட்டு வந்து, சோற்றுக்கு முன் பாக்கெட்டைக் கடித்துத் திறந்தவனின் கல்லீரலில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நாங்கள் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. நிறைய இருந்திருக்கும் என்று நினைக்க வழியில்லை.

தேங்கிய ஃபார்மேட் செல்லின் உள்ளே போய் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தடுக்கிறது. நாம் இழுக்கும் மூச்சின் ஆக்சிஜன் கடைசியாகப் பயன்படும் இடம் அது. சயனைடு பிடிப்பதும் இதே நொதியைத்தான். ஃபார்மேட்டின் பிடி அதைவிடத் தளர்வானது, மெதுவானது. மூக்கும் நுரையீரலும் இரத்தமும் சரியாக இருக்க, செல் மட்டும் மூச்சுத் திணறுகிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாத செல் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். இரத்தத்தில் அமிலம் ஏற ஏற, ஃபார்மிக் அமிலம் மின்னேற்றமற்ற வடிவில் மேலும் எளிதாகச் செல்களுக்குள் நுழையும். நுழைந்தது மேலும் மூச்சை அடைக்கும். ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழல் இது. அமிலத்தை வெளியேற்ற உடல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சிழுக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது ஏதோ இளைப்பு போலத் தோன்றும்.

கண்ணுக்கு ஆற்றல் தேவை மிகுதி. விழித்திரையும் பார்வை நரம்பும் முதலில் அடிபடுகின்றன. பனிப்பொழிவின் நடுவே நிற்பதுபோல் எங்கும் வெண்மை படர்வதாக நோயாளிகள் கூறுவதை மருத்துவ நூல்கள் குறித்துவைத்துள்ளன. பனியைப் பார்த்திராத ஊரில் அதைப் புகைமூட்டம் என்றோ கண் மங்குகிறது என்றோ சொல்வார்கள். கேட்பவர் போதை என்று நினைத்துக்கொள்வார். மூளையின் ஆழத்தில் உடலசைவை ஒழுங்குபடுத்தும் புட்டாமென் என்ற பகுதியும் சிதைகிறது. பிழைத்தவர்களில் சிலர் பார்வையின்றியும் கைகால் நடுக்கத்தோடும் எஞ்சிய ஆயுளைக் கழிக்கிறார்கள். சுமார் பத்து மில்லிலிட்டர் தூய மெத்தனாலே பார்வையைப் பறிக்கப் போதும் என்பது நூல்கள் தரும் கணக்கு. இரண்டு தேக்கரண்டி.

*

இத்தனையும் நடக்க எடுக்கும் நேரம்தான் இக்கட்டுரையின் மையம். குடித்ததற்கும் அறிகுறிகள் முற்றுவதற்கும் நடுவே பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழிகிறது. கூடவே எத்தனாலும் உள்ளே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும். முதல் அறிகுறிகள் வயிற்றுவலி, வாந்தி, தலைச்சுற்றல். ஆலகாலத்தைப் போல் உடனே கொல்லும் நஞ்சல்ல இது. நிறுத்தி நிதானமாக, காலம் கொடுத்துக் கொல்லும். காலம் கொடுக்கும் நஞ்சுக்கு முறிவும் கொடுக்க முடியும்.

அந்த முறிவு என்ன என்பதில்தான் நம் ஒழுக்கவாதிகள் ஏற்கமாட்டாத ஒரு செய்தி இருக்கிறது. மெத்தனாலுக்கு நச்சுமுறி எத்தனால். அதாவது சாராயம். கல்லீரல் நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனாலின் மீது பத்து மடங்குக்கும் மேலான நாட்டம். இரத்தத்தில் எத்தனால் போதிய அளவு இருக்கும்வரை நொதி மெத்தனாலைத் திரும்பிப் பார்க்காது. அது மாறாமலே கிடந்து மெல்ல வெளியேறும். அல்லது டயாலிசிஸ் செய்து வெளியேற்றலாம். இரண்டையும் சேர்த்துக் குடித்தவர்கள் தப்பிப்பதைக் கவனித்து, எத்தனாலைச் சிகிச்சையாக முன்வைத்தவர் ஓலுஃப் ரோ என்னும் ஸ்காண்டிநேவிய மருத்துவர். அது 1940களில். எண்பது ஆண்டுப் பழைய அறிவு.

பின்னர் ஃபோமெபிசோல் என்ற மருந்து வந்தது. அதே நொதியை எத்தனாலைவிட உறுதியாக அடைக்கும், போதை தராது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் மெத்தனால் நஞ்சுக்கு இது அனுமதிக்கப்பட்டது. இதனோடு இரத்தத்தின் அமிலத்தைக் குறைக்க சோடியம் பைகார்பனேட், ஃபார்மேட்டைக் கழிக்க ஃபோலினிக் அமிலம், தேவைப்பட்டால் டயாலிசிஸ். இவற்றுள் ஃபோமெபிசோல் தவிர மற்றவை ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு அந்நியமானவை அல்ல. ஃபோமெபிசோல் இல்லாத இடத்தில் அளவறிந்து, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே தரப்படும் எத்தனால் போதும். இதைப் படித்துவிட்டு வீட்டில் வைத்தியம் பார்க்கக் கிளம்புவோருக்கு ஒரு சொல்: மருந்தாகும் எத்தனாலுக்கு அளவு உண்டு, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 2020இல் மது கொரோனாவைத் தடுக்கும் என்ற வதந்தியை நம்பி மெத்தனால் குடித்து ஈரானில் நூற்றுக்கணக்கானோர் இறந்தது அண்மைக்கால வரலாறு.

2012 செப்டம்பரில் செக் குடியரசில் மெத்தனால் கலந்த மது பரவியபோது அங்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இருபது சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவின் விற்பனையை நாடு முழுவதும் நிறுத்தினார்கள். நார்வேயிலிருந்து ஃபோமெபிசோல் வரவழைத்தார்கள். சந்தேகத்துக்குரியவர்களுக்கு மருத்துவமனை வந்து சேரும் முன்பே முதலுதவியாக எத்தனால் கொடுக்கப்பட்டது. அவ்வாறு பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைத்ததைப் பின்னர் மருத்துவர்கள் பதிவு செய்தனர். அங்கும் பலர் இறந்தார்கள். ஆனால் ‘குடிக்காதே’ என்று உபதேசிப்பதைவிட ‘குடித்திருந்தால் உடனே வா’ என்று அழைப்பது உயிர் காக்கும் என்பதை அங்கே நடைமுறையில் கண்டார்கள்.

இங்கே 2024 ஜூனில் நடந்தது என்ன? முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணம் என்று சொல்ல முடியாது என்ற பொருளில் நிர்வாகத் தரப்பிலிருந்து பேச்சு வந்தது. முதலில் இறந்தவர்களின் இழவுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்ததாக அந்நாளைய செய்திகள் கூறின. மறுப்பு வெளிவந்த அந்த மணி நேரங்கள், முன்னிரவு குடித்தவர்களின் கல்லீரலில் மெத்தனால் மாறிக்கொண்டிருந்த அதே மணி நேரங்கள். பின்னர் ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அவை பிந்திய செய்திகள். அதன்பின் மருந்து இருப்பைப் பற்றிய அரசியல் சண்டையில், ஃபோமெபிசோல் பற்றிய கேள்வி ஓமெப்ரசோல் என்னும் வயிற்றுப்புண் மாத்திரையின் பக்கம் திரும்பிய வேடிக்கையும் நடந்தது. ஒலி ஒப்புமையால் வந்த குழப்பம். இதைப் பார்த்து நகைத்த எழுத்தாளர்கள் பலர், ஆனால் மெத்தனாலைச் சாராயம் என்று எழுதியபோது தாங்களும் அதே குழப்பத்தைத்தான் செய்தோம் என்று அவர்கள் எண்ணவில்லை.

*

எங்களுக்கு வரக்கூடிய மறுப்புகளை அறிவோம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் மறுப்பு வள்ளுவரிடமிருந்து வரும். கள்ளுண்பவரும் நஞ்சுண்பவரும் ஒன்றே என்ற கருத்து கள்ளுண்ணாமை அதிகாரத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வள்ளுவருக்கு அது உவமை. கள் நஞ்சு அல்ல என்பது தெரிந்தவன்தான் கள்ளை நஞ்சு என்று சொல்லி அதிரவைக்க முடியும். நம் தலையங்கக்காரர்களோ உவமையை மருத்துவ அறிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். பாக்கெட்டுக்குள் உண்மையாகவே நஞ்சு இருந்த நாளில் அவர்கள் அதைப் பார்க்கவில்லை. கள்ளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அதியமான் இறந்தபோது அவனோடு பகிர்ந்துண்ட கள்ளை நினைத்து ஔவை அழுத மொழியும் இதே மொழிதான் என்பதை நினைவூட்டுகிறோம். தமிழுக்குக் கள்ளைப் பற்றி இரு மனம் உண்டு. மெத்தனாலைப் பற்றித் தமிழ் மரபுக்கு எந்த மனமும் இல்லை. அது நமக்கு வந்தே நெடுங்காலம் ஆகவில்லை. அதற்கு மரபிடம் தீர்ப்புக் கேட்பது வீண்.

இரண்டாவது மறுப்பு, மதுவுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள் என்பது. இல்லை. மதுவிலக்கு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அந்த வழக்கு தனியே நடக்கட்டும். அதற்குச் சாட்சியாகக் கருணாபுரத்துப் பிணங்களை இரு தரப்பும் இழுக்க வேண்டாம் என்கிறோம். பாலில் யூரியா கலந்து குழந்தை இறந்தால் பால் குடிப்பதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

மூன்றாவது மறுப்பு, சட்டவிரோதமானதைத் தேடிப் போனவன் விளைவை ஏற்க வேண்டும் என்பது. இது புதிய வாதமன்று. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், ஆலைச் சாராயத்தை மக்கள் குடிக்காதிருக்க அரசே அதில் மெத்தனால் கலக்கச் செய்தது. அதன் அளவைக் கூட்டும் விதி 1927 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கு இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான வேய்ன் வீலர், அதைக் குடிப்பவர்கள் அறிந்தே தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். நியூயார்க் நகரத்தின் தலைமை மருத்துவப் பரிசோதகர் சார்லஸ் நோரிஸ் வேறு விதமாகப் பேசினார். மக்கள் குடிப்பார்கள் என்று தெரிந்தும் நஞ்சைக் கலக்கும் அரசுக்குச் சாவுகளின் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று 1926 டிசம்பரில் பகிரங்கமாக அறிவித்தார். சவக்கிடங்கில் நின்று ஏழைகளின் உடல்களை அறுத்துப் பார்த்தவர் அவர். நூறாண்டுக்குப் பின் நம் எழுத்தாளர்கள் நோரிஸின் பக்கம் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களுள் பலர் வீலரின் பக்கம் நின்றார்கள், அவர் பெயரைக் கேள்விப்படாமலே.

நான்காவது மறுப்பு பணம் பற்றியது. இறந்தவர் குடும்பங்களுக்குப் பத்து லட்ச ரூபாய் அறிவிக்கப்பட்டபோது எழுந்த சிரிப்பை நாம் அனைவரும் கேட்டோம். தொகை கூடுதலா குறைவா என்பது நிதித்துறை விவாதம். ஆனால் அந்தச் சிரிப்பு முழுவதும் ‘குடித்துச் செத்தவனுக்கா?’ என்ற கேள்வியின் மீதே நின்றது. ‘உரிமம் பெற்ற இரசாயனம் அரசின் கண்காணிப்பிலிருந்து கசிந்து நஞ்சூட்டப்பட்டவனுக்கா?’ என்று கேட்டிருந்தால் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். வாக்கியம்தான் வேறுபாடு.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம். 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியங் என்ற சுற்றுலா ஊரில் மெத்தனால் நஞ்சால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். விடுமுறைக்குப் போன இடத்தில் மது அருந்தியவர்கள் அவர்கள். உலகச் செய்தித்தாள்கள் மெத்தனால் என்ற சொல்லைத் தலைப்பிலேயே எழுதின. நச்சியலாளர்களை அழைத்து ஃபார்மிக் அமிலத்தை விளக்கச் செய்தன. அவர்கள் குடித்துச் செத்தார்கள் என்று நாங்கள் படித்த எந்தத் தாளும் எழுதவில்லை, எழுதாதது சரியே. மூலக்கூறு ஒன்றுதான், நொதி ஒன்றுதான், இடையே ஐந்து மாதங்கள்தான். கருணாபுரத்தில் இறந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள், பெரும்பாலோர் தலித்துகள், பெண்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கு வேதியியல் கிடைக்கவில்லை, ஒழுக்கவியல்தான் கிடைத்தது. நம் மொழியில் யாருடைய சாவுக்குக் காரணம் தேடப்படுகிறது, யாருடைய சாவுக்குக் குற்றம் தேடப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று தேவையில்லை.

*

ஒரு வாக்கியத்துக்கு இத்தனை கோபமா என்று கேட்கலாம். இவ்வாக்கியம் சாவுக்குப் பின் மட்டும் சொல்லப்படுவதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். அது சாவுக்கு முன்பே வேலை செய்கிறது. வயிறு வலிக்கும்போது, கண் மங்கும்போது, ‘நேற்று பாக்கெட் குடித்தேன்’ என்று ஒருவன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவலில்தான் சிகிச்சையே தொடங்குகிறது. இல்லாவிடில் வாந்திக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து தந்து அனுப்பிவிடுவார்கள். அவன் சொல்லாமல் மறைக்கிறான். சொன்னால் போலீஸ் வரும், மனைவி அவமானப்படுவாள், செவிலியர் முகம் சுளிப்பார். ‘குடிகாரனுக்கு இதுதான் முடிவு’ என்று தன்னைப் பற்றிச் சொல்லப்போவதை அவன் முன்பே கேட்டிருக்கிறான். பலமுறை கேட்டிருக்கிறான். அந்தக் கூச்சத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரத்திலும் கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நாம் எழுதும் வாக்கியம் அவனுக்கும் மருத்துவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கள்ளக்குறிச்சிக்குப் பின் சட்டம் திருத்தப்பட்டு ஆயுள் தண்டனை வரை வந்துவிட்டது. விற்றவன் தண்டிக்கப்படட்டும். தண்டனை அடுத்த பாக்கெட்டைத் தடுக்கலாம், தடுக்காமலும் போகலாம். அடுத்த முறை தெருவில் முதல் ஆள் கண் மங்குகிறது என்று சொன்ன உடனே, அங்கே கூடி நிற்பவர்களுள் ஒருவருக்காவது ‘இது மெத்தனாலாக இருக்கும், குடித்த எல்லாரையும் கிளப்பு’ என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரி என்று நம் கிராமங்கள் கற்றுக்கொண்டது அப்படித்தான். அந்த அறிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறோம்.

ஆகவே சக எழுத்தாளர்களிடமும் இதழாசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது எளியது. அடுத்த முறை எழுத நேர்ந்தால், நேரக் கூடாது என்பதே விருப்பம், ‘சாராயம்’ என்று எழுதும் முன் மெத்தனாலா என்று விசாரியுங்கள். மெத்தனால் என்றால் மெத்தனால் என்றே எழுதுங்கள். ‘குடித்துச் செத்தார்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘மது என்று விற்கப்பட்ட மெத்தனாலால் நஞ்சூட்டப்பட்டு, உரிய நேரத்தில் முறிவு கிடைக்காமல் இறந்தார்கள்’ என்று எழுதுங்கள். நீளமான வாக்கியம்தான். கவிதையில் அடங்காது என்றால் அந்தக் கவிதையை எழுதாமல் விடலாம்.

எங்கள் பங்குக்கு, 2023 மே மாத அஞ்சலிக் குறிப்பைத் திருத்தியிருக்கிறோம். பழைய தொடரை அழிக்கவில்லை; அதன் கீழே திருத்தத்தையும் காரணத்தையும் சேர்த்திருக்கிறோம். தவறு செய்தது தெரிய வேண்டும் என்பதற்காக.